சம்பளத்தில் பிடித்த காசு உங்கள் காசு இல்லை

தம்பி, கனடாவில், ஸ்கார்பரோவில் கடையை நிறுவனமாகப் பதிந்துவிட்டு இரண்டு பேரை வேலைக்கு எடுக்கப்போகிறீர்கள். மனைவியையும் சம்பளப் பட்டியலில் சேர்க்கலாமா, படிவங்களை எல்லாம் வருட முடிவில் கணக்காளரிடம் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நிறுவன வரிப் பத்திரத்துக்கு அது சரி. சம்பளக் கணக்கு, அதாவது ஊழியர் சம்பளத்தில் பிடித்ததையும் உங்கள் பங்கையும் அரசுக்குக் கட்டுவது, மாதாமாதம் ஓடுவது, அதில்தான் புதிதாகக் கடை தொடங்குபவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள்.

முதலில் சி.ஆர்.ஏ.யில் (கனடா வருமான வரித் திணைக்களம்) சம்பளக் கணக்கைத் திறவுங்கள். உங்கள் ஒன்பது இலக்க வணிக எண்ணோடு ஆர்.பி. 0001 என்று சேர்ந்து வரும். வேலைக்கு வருபவர் மூன்று நாளுக்குள் சின் நம்பரை (சமூகக் காப்புறுதி எண்) காட்டவேண்டும். அது 9இல் தொடங்கினால் அவர் தற்காலிகமாக இருப்பவர், வேலை அனுமதி எந்தத் திகதியில் முடிகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். எவ்வளவு வருமான வரி பிடிப்பது என்று தெரிய, அவர் ரி.டி.1 படிவம் இரண்டு நிரப்பவேண்டும்: ஒன்று மத்திய அரசுக்கு, மற்றது ஒன்ராறியோவுக்கு. இவற்றை எங்கும் அனுப்பத் தேவையில்லை, உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும்.

இனிக் கணக்கு. 2025 வீதங்களின்படி, இரண்டு வாரத்துக்கு 2,000 டொலர் சம்பளம் என்று வையுங்கள். சி.பி.பி.க்கு (கனடா ஓய்வூதியத் திட்டம்) வருடத்துக்கு 3,500 டொலர் கழிவு உண்டு. அதை வருடத்தின் 26 சம்பளங்களால் பிரித்தால் 134.61. மிச்சம் 1,865.39இல் 5.95 வீதம் 110.99 டொலர். அதே அளவு நீங்களும் போடவேண்டும். ஈ.ஐ.க்கு (வேலையிழப்புக் காப்புறுதி) 1.64 வீதப்படி அவரிடம் 32.80 பிடிப்பீர்கள், உங்கள் பங்கு அதன் 1.4 மடங்கு, 45.92. ஆக வருமான வரியைச் சேர்க்காமலே ஒரு சம்பளத்துக்கு 300.70 டொலர் கட்டவேண்டி வரும். வருமான வரியைக் கையால் கணக்கிடவேண்டாம், சி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் இலவசக் கணிப்பான் இருக்கிறது.

இதைக் கட்ட வழக்கமான கெடு அடுத்த மாதம் 15ஆம் திகதி. இங்கே பலர் தவறுவது ஒன்று: சி.ஆர்.ஏ. வேலை செய்த மாதத்தைப் பார்ப்பதில்லை, சம்பளம் கொடுத்த மாதத்தைத்தான் பார்க்கும். மார்ச் வேலைக்கு ஏப்ரல் 3ஆம் திகதி சம்பளம் கொடுத்தால் மே 15க்குள் கட்டினால் சரி. காசை சி.ஆர்.ஏ. பெற்ற நாள்தான் கணக்கு, கடைசி நாள் இரவு வங்கி இணையத்தில் பொத்தானை அமத்திவிட்டு நிம்மதியாக இருக்கமுடியாது. மூன்று நாள் வரை பிந்தினால் 3 வீதம், நாலைந்து நாளுக்கு 5, ஆறேழு நாளுக்கு 7, அதற்கு மேல் 10 வீதம் தண்டம், வட்டி வேறு. ஒரு மாதம் யாருக்கும் சம்பளம் இல்லையென்றாலும் 'இல்லை' என்று அறிவியுங்கள்.

சம்பளம் கொடுக்கும் அன்றே பிடித்த தொகையையும் உங்கள் பங்கையும் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சரக்கு வாங்க, வாடகை கட்ட என்று அதில் கைவைத்தவர்கள் மீள்வது கடினம். நிறுவனம் நொடித்தாலும் அந்தக் கடனுக்கு இயக்குநராகிய நீங்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பாகலாம், வீடு உட்பட.

இந்தப் பிடித்தங்களைத் தவிர்க்க, ஊழியரை 'கொன்ட்ராக்ட் ஆள்' (ஒப்பந்தக்காரர்) என்று எழுதிவைக்கச் சொல்பவர்களும் இருப்பார்கள். கேளாதீர்கள். நேரத்தையும் வேலை முறையையும் நீங்கள் தீர்மானித்து, கருவியும் உங்களுடையதாக இருந்தால், பத்திரத்தில் என்ன எழுதினாலும் பெரும்பாலும் அவர் ஊழியர்தான். பிறகு இரண்டு பங்கையும் உங்களிடமே அறவிடுவார்கள்.

மனைவிக்குத் தாராளமாகச் சம்பளம் கொடுக்கலாம், ஆனால் உண்மையில் செய்த வேலைக்கு, வெளியாள் ஒருவருக்குக் கொடுக்கும் அளவில். சி.பி.பி. பிடிக்கவேண்டும். ஈ.ஐ.தான் சிக்கல்: நெருங்கிய உறவினரின் வேலை, வெளியாளுக்கும் ஏறத்தாழ இதே நிபந்தனைதான் இருந்திருக்கும் என்று சி.ஆர்.ஏ. ஏற்றால் மட்டுமே காப்புறுதிக்குள் வரும். தொடக்கத்திலேயே சி.பி.ரி.1 படிவத்தால் தீர்ப்புக் கேளுங்கள். வருடக்கணக்கில் ஈ.ஐ. கட்டிவிட்டு, தேவைப்படும்போது கிடைக்காது என்று அறிவது கொடுமை.

ஒவ்வொருவரின் வருடச் சம்பளத்தையும் பிடித்ததையும் காட்டும் ரி.4 பத்திரத்தைப் பெப்ரவரி கடைசிக்குள் கொடுக்கவேண்டும். ஐந்துக்கு மேல் என்றால் இணையத்தில்தான் அனுப்பவேண்டும். டிசம்பர் வேலைக்கு ஜனவரியில் கொடுத்த சம்பளம் புது வருட ரி.4இல் வரும். பெட்டி 24 (ஈ.ஐ.க்கு உரிய சம்பளம்), 26 (சி.பி.பி.க்கு உரிய சம்பளம்) இரண்டையும் வெறுமையாக விடாதீர்கள். அந்த எண்களைவைத்தே நீங்கள் பிடித்தது சரியா என்று ஒப்பிட்டு, குறைந்தால் கடிதம் போடுவார்கள். அனுப்புமுன் 16, 18, 22ஆம் பெட்டிகளின் (பிடித்த சி.பி.பி., ஈ.ஐ., வருமான வரி) கூட்டுத்தொகையோடு உங்கள் பங்கையும் சேர்த்து, வருடம் முழுக்கக் கட்டியதோடு சதம் சதமாகப் பொருத்திப் பாருங்கள்.