வயலின், கிளாரினெட், கீபோர்டு உள்ள சிறிய குழுவுக்கு எந்த ஷீட் மியூசிக் வாங்கலாம்?

தங்கச்சிமடத்தில் கோயில் திருவிழாவுக்கு வாசிக்க இரண்டு வயலின், ஒரு கிளாரினெட், ஒரு கீபோர்டு இருக்கிறது, எந்த நோட்ஸ் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாட்டு பிடித்திருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கிளாரினெட்டைக் கவனியுங்கள். வழக்கமாகக் கிடைப்பது பி ஃபிளாட் கிளாரினெட். தாளில் உள்ள சி ஸ்வரத்தை வாசித்தால், அதைவிடக் கீழே உள்ள பி ஃபிளாட் ஸ்வரம்தான் கேட்கும். வயலின் தாளையே கிளாரினெட் வாசிப்பவரிடம் நீட்டினால் ஒரு முழு ஸ்வரம் இறங்கி, காது கூசும். அதனால் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்குத் தனிப் பார்ட் (அந்தக் கருவிக்கென்றே எழுதிய தாள்) உள்ள பதிப்பாகப் பாருங்கள். ஆல்ட்டோ சாக்ஸபோன் சேர்ந்தால் ஈ ஃபிளாட் பார்ட் வேண்டும்.

ஒரு வரியை எந்தக் கருவியும் எடுத்துக்கொள்ளும்படி எழுதிய 'ஃபிளெக்ஸ்' பதிப்புகளும் உண்டு. திருவிழா நேரத்தில் ஒருவர் கடலுக்குப் போய்விட்டால்கூடக் கச்சேரி நிற்காது. உங்களுக்கு அதுதான் தோது என்பேன். இரண்டாம் வயலின் பார்ட் முதல் பொசிஷனுக்குள் (இடது கையை மேலே நகர்த்தாமல் வாசிக்கும் நிலை) அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

தனியாக வாசிப்பவருக்கு இசைத் தேர்வு நடத்தும் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் அமைப்புகளின் கிரேடு புத்தகங்கள் போதும். மேடைக்கு, படிக்கும் கிரேடுக்கு ஒரு படி கீழே எடுங்கள்.

காசு செலவழிக்க வேண்டாமா? சரி, பாக், ஹேண்டல் போன்ற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் படைப்புகள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நோட்ஸ் நூலகத்தில் இலவசம். ஆனால் அவற்றுக்கு இன்றைக்கு ஒருவர் செய்த அரேஞ்ச்மென்ட்டுக்கு (வேறு கருவிகளுக்கேற்ப மாற்றி எழுதியதற்கு) தனிக் காப்புரிமை உண்டு.