ட்ரிபிள் ஈ முடித்தவனை ஏரோஸ்பேஸ் எம்.டெக்கில் எடுப்பார்களா?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் ட்ரிபிள் ஈ (எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) கடைசி வருஷம், சி.ஜி.பி.ஏ. ஏழரையை ஒட்டி, ஏரோஸ்பேஸ் எம்.டெக் ஆசை, மெக்கானிக்கல்காரர்களைத் தாண்டி நமக்கு இடம் கிடைக்குமா, இல்லை பேசாமல் அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணிவிடலாமா என்பது ஒரு தம்பியின் கேள்வி. இடம் கிடைக்கும் தம்பி. நான் களியக்காவிளைக்காரன், சிவில் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் வந்தவன், அதனால் நீ, வா என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முதலில் நம்ம பக்கத்து ஆட்களையே பார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் நம்ம மாவட்டத்துக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோவில் ஆரம்பித்து, பி.இ.க்குச் சமமான ஏ.எம்.ஐ.இ. தேர்வை முடித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் (கடுங்குளிர்த் தொழில்நுட்பம்) எம்.டெக் படித்து, அதற்கு அப்புறம்தான் அங்கேயே ஏரோஸ்பேஸில் பி.எச்டி. செய்தார். அவருக்கு முந்தைய தலைவர் சோமநாத் கொல்லம் டி.கே.எம். கல்லூரியில் மெக்கானிக்கல், மேல்படிப்புதான் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் ஏரோஸ்பேஸ். நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணனும் மெக்கானிக்கல் படித்துவிட்டுத்தான் பிரின்ஸ்டனுக்குப் போய் ராக்கெட் ப்ரொபல்ஷன் படித்தார். "எல்லாரும் மெக்கானிக்கல்தானே அண்ணே" என்று நீ கேட்பாய். சரிதான். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஏரோஸ்பேஸ் என்பது ஒரே பாடம் இல்லை. ஏரோடைனமிக்ஸ் (காற்றோட்டம்), ப்ரொபல்ஷன் (உந்துவிசை), ஸ்ட்ரக்சர்ஸ் (உடல் கட்டமைப்பு), ஃப்ளைட் மெக்கானிக்ஸும் கண்ட்ரோலும் (பறக்கும் விதமும் அதைக் கட்டுப்படுத்துவதும்) என்று நாலு பேர் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாகச் சமைக்கிற வீடு அது. மெக்கானிக்கல்காரன் எந்த வாசல் வழியாகவும் நுழையலாம். கெமிக்கல் படித்தவனுக்கு எரிபொருள் எரிகிற கம்பஷன், சிவில்காரனுக்கு ஸ்ட்ரக்சர்ஸ், உனக்குக் கண்ட்ரோல். நீ ஏரோடைனமிக்ஸ் பக்கம் போய் மெக்கானிக்கல்காரனோடு மல்லுக்கு நின்றால் தோற்பாய், அவன் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸைக் கல்லூரியிலேயே கரைத்துக் குடித்தவன். ஆனால் கண்ட்ரோல் பக்கம் வந்தால் அவன்தான் உன்னிடம் சந்தேகம் கேட்பான்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெரிய ராக்கெட்டுகள் பெரும்பாலும் தானாக நிமிர்ந்து நிற்காதவை, காற்றின் விசை செயல்படுகிற புள்ளி எடை மையத்துக்கு முன்னால் விழுவதால் லேசாகச் சாய்ந்தாலே மேலும் சாயத்தான் பார்க்கும். அதனால் எஞ்சினையே இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித்தான் நிமிர்த்துகிறார்கள். நம்ம பணகுடி பக்கம் மகேந்திரகிரியில் சோதிக்கிற விகாஸ் எஞ்சின் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் போய் அந்த வேலையைச் செய்கிறது. எவ்வளவு திருப்ப வேண்டும், எவ்வளவு வேகமாக என்பது நீ ஐந்தாவது ஆறாவது செமஸ்டரில் கண்ட்ரோல் பாடத்தில் போட்ட ரூட் லோகஸ், போடே ப்ளாட் வரைபடக் கணக்குதான். விமானத்திலும் அப்படியே. விமானத்தின் அசைவை எழுதுகிற ஸ்டேட் ஸ்பேஸ் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகளை எடுத்தால் ஒரு ஜோடி வேகமாக ஆடி அடங்கும், அது ஷார்ட் பீரியட். இன்னொரு ஜோடி சாவகாசமாக, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கி, வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கி ஆடும், அது ஃப்யூகாய்ட். பெயர்தான் புதுசு, கணக்கு உனக்குப் பழசு.

சேர்க்கைக்கு வருவோம். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்.சி., திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில் இருக்கிற விண்வெளிக் கல்லூரி ஐ.ஐ.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் கேட் என்ற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் ஆதாரம். கண்ட்ரோல் சார்ந்த எம்.டெக்குகள் பலவற்றில் எலெக்ட்ரிக்கல் தாளையும் ஏற்றுக்கொள்கிறார்கள், அதனால் ஏரோஸ்பேஸ் தாள்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்தத் துறை எந்தத் தாளை ஏற்கும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்தந்த அறிவிப்பை நீயே திறந்து பார், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியலை நம்பாதே. ஏரோ தாள் எழுதுவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்: பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பகுதியையும் கோர், ஸ்பெஷல் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், 90 சதவீதக் கேள்வி கோர் பகுதியிலிருந்துதான் வரும். கணக்கு உனக்குக் கைவசம், ஃப்ளைட் மெக்கானிக்ஸும் ஸ்பேஸ் டைனமிக்ஸும் சீக்கிரம் பிடிபடும். ஸ்ட்ரக்சர்ஸும் ப்ரொபல்ஷனும்தான் படுத்தும், அதற்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் இலவச என்.பி.டெல். வீடியோ போதும், கோச்சிங்குக்காகத் திருவனந்தபுரத்தில் ரூம் எடுத்துத் தங்க வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை எம்.ஐ.டி. வளாகத்தில் எம்.இ. வேண்டும் என்றால் கேட் இல்லாமல் சீட்டா பி.ஜி. என்ற தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு வழியாகவும் பார்க்கலாம், ட்ரிபிள் ஈ தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்.

ஆராய்ச்சி வழியில், அதாவது எம்.எஸ். மாதிரியான படிப்புகளுக்கு இன்டர்வியூ உண்டு. அதில் வேற்றுத் துறைக்காரன் என்பது குறையே இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போர்டில் ஒரு 'சி' வடிவச் சட்டத்தை வரையச் சொல்லி, சுமையை எங்கே வைத்தால் இது முறுக்கிக்கொள்ளாமல் வளையும் என்று கேட்டார்கள். ஷியர் சென்டர் என்கிற அந்தப் புள்ளி சட்டத்துக்கு வெளியே, முதுகுப் பக்கம் விழும். எனக்கு இது கூரை ஷீட்டுக்கு அடியில் போடுகிற பர்லின், சைட்டில் கண்ணால் பார்த்த சங்கதி, அதனால் நேராகப் பர்லினிலேயே ஆரம்பித்தேன். இதையே மூடிய பெட்டியாக்கினால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வந்தது. முறுக்கத்துக்கு எதிரான விறைப்பு பல மடங்கு ஏறும், விமான இறக்கைக்குள் இருப்பது அந்தப் பெட்டிதான். பிறகு அரை மணி நேரம் அந்தப் பெட்டியைச் சுற்றியேதான் பேச்சு, ஏரோடைனமிக்ஸ் பக்கம் யாரும் போகவே இல்லை. உன்னிடமும் எந்தப் பாடத்தில் கேட்கலாம் என்று முதலில் கேட்க வாய்ப்புண்டு, தயங்காமல் கண்ட்ரோலும் லீனியர் அல்ஜீப்ராவும் என்று சொல்.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்குகிற ஸ்டேட்மென்ட் எழுதும்போது "சிறு வயதில் தும்பாவில் ராக்கெட் போவதைப் பார்த்து வியந்தேன்" என்று மட்டும் தொடங்காதே மக்கா. நம்ம ஊரிலிருந்து போகிற பாதிப் பேர் இதைத்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பதில் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை இந்தப் பக்கம் திருப்பு. அசைவை அளக்கிற ஒரு எம்.பி.யு.6050 சிப்பும் ஆர்டுயினோ போர்டும் வாங்கி, அதில் சுழற்சியை அளக்கிற கைரோ தரும் கோணம் ஏன் நேரம் ஆக ஆக விலகிப் போகிறது, முடுக்கத்தை அளக்கிற ஆக்சிலரோமீட்டரின் அளவு ஏன் நடுங்குகிறது, இரண்டையும் ஃபில்ட்டர் போட்டு எப்படிச் சேர்ப்பது என்று செய்து பார்த்து, வந்த கிராஃபை வைத்து நாலு வரி எழுது. அந்த நாலு வரியை வைத்தே உன்னிடம் கேள்வி கேட்பார்கள், அதுதான் உனக்கு வேண்டியது.

ஒரு விஷயம் கேட்காமலே சொல்கிறேன். ஆசையின் அடியில் இருப்பது இஸ்ரோ வேலை என்றால் ஏரோஸ்பேஸ் எம்.டெக் அதற்குத் தேவையே இல்லை. அவர்களுடைய தேர்வில் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களைத்தான் எடுக்கிறார்கள். எலெக்ட்ரிக்கலுக்கு அவ்வப்போது தனி அறிவிப்பு வரும், அது பெரும்பாலும் வளாகங்களின் மின் வேலை. ஐ.ஐ.எஸ்.டி.யில் நேரடியாக இஸ்ரோவுக்குள் எடுக்கிற ஏற்பாடு பி.டெக் மாணவர்களுக்கு, எம்.டெக் சேர்ந்தால் வேலை கையில் என்று வீட்டில் சொல்லிவைக்காதே.

அமெரிக்கா? படிப்பில் சேருவது கஷ்டம் இல்லை, அங்கேயும் வேற்றுத் துறைக்காரர்களை எடுக்கிறார்கள், விடுபட்ட இரண்டொரு பாடத்தைச் சேர்த்துப் படிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். இடிப்பது வேலையில். ஐ.டி.ஏ.ஆர். என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் ராக்கெட், பாதுகாப்புத் துறை வேலைகள் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்குத்தான். உதவித்தொகையோடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போ. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன். ஜெர்மனியைப் பார், பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஷ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ உண்டு.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ திறக்கும், தேர்வு பிப்ரவரியில், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். ஐ.ஐ.டி.கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இடம் ஒதுக்குவது மட்டும்தான் கோப் என்ற பொதுத் தளத்தில். ஓ.பி.சி. என்றால் மத்திய அரசுப் படிவத்தில் நான்-கிரீமி லேயர் சான்றிதழ் கேட்பார்கள், அதுவும் அந்த நிதியாண்டுக்கானது. ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாக இ-சேவையில் கொடுத்துவிடு, தாலுகா ஆபீஸில் எப்போது கையெழுத்தாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.