விளக்கு சீக்கிரம் அணைகிறதா? ஈய உலையில் எலிமென்ட்டைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்

கேள்வி: ஜிக் (மீன்பிடிக்கும் முள்ளில் ஈயத் தலை வார்த்த தூண்டில்) வார்ப்பதற்காக 4 கிலோ ஈயம் பிடிக்கும் மின் உலை ஒன்று வைத்திருக்கிறேன். 230 வோல்ட், 500 வாட். முன்பெல்லாம் 25 நிமிடத்தில் உருகிவிடும். இப்போது ஒரு மணி நேரம் ஆனாலும் கூழ் மாதிரிதான் இருக்கிறது. குமிழை முழுக்கத் திருப்பி வைத்தாலும் சிவப்பு விளக்கு பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, அப்புறம் விட்டுவிட்டு எரிகிறது. குமிழ் இறுகிப்போனதால் ஒருவரிடம் கொடுத்து தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். பிறகு மழைக்காலம் முழுவதும் மூடியே வைத்திருந்தேன். வெளியே எடுத்த அன்று ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டு முறை ட்ரிப் ஆனது. ஜிக் தலைகளும் அரைகுறையாக வருகின்றன. உருக்குவது பலவகைப் பழைய ஈயம். எலிமென்ட் பலவீனமாகிவிட்டது, மாற்றிவிடு என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் உலையில் கெட்டிருப்பது எலிமென்ட் அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படி நினைக்க வைப்பது நீங்கள் எழுதிய ஒரு வரி: விளக்கு பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது.

இந்த மாதிரிச் சிறிய உலைகள் பெரும்பாலானவற்றில் அந்த விளக்கு தெர்மோஸ்டாட்டுக்குப் பிறகுதான் இணைக்கப்பட்டிருக்கும். அது எரிந்தால் எலிமென்ட்டுக்கு மின்சாரம் போகிறது. அணைந்தால், "போதும், சூடாகிவிட்டது" என்று தெர்மோஸ்டாட் துண்டித்துவிட்டது. எலிமென்ட்டில் கோளாறு என்றால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் தெர்மோஸ்டாட் துண்டிக்காது. விளக்கு மணிக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். உங்களிடம் நடப்பது நேர் எதிர். ஈயம் உருகுவதற்கு முன்பே தெர்மோஸ்டாட் திருப்தியடைந்துவிடுகிறது.

"எலிமென்ட் பலவீனமாகிவிட்டது" என்பதை நானும் பல காலம் நம்பியவன்தான். நிக்கல்-குரோமியம் கம்பி அப்படி மெல்ல மெல்லச் சோர்ந்து போவது அபூர்வம். முழுதாக இருக்கும், இல்லாவிட்டால் எங்கேயாவது அறுந்திருக்கும். இரண்டு எலிமென்ட் இணையாகப் பூட்டிய உலையில் ஒன்று மட்டும் அறுந்தால் சூடு பாதியாகும். பலவீனம் போலத் தோன்றுவது அதுதான். அதையும் ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்துவிடலாம்.

அளப்பதற்கு முன் ஒரு வார்த்தை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உலை முழுக்க ஆறட்டும். உள்ளே படிந்திருக்கும் மஞ்சளும் சாம்பலுமான தூள் ஈய ஆக்சைடு. வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கும் பம்பும் வேண்டாம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் தனியாக ஒரு பையில் கட்டி வையுங்கள். திறந்து வேலை பார்க்கும்போது கையுறையும், நுண்துகளை வடிகட்டும் முகமூடியும் அவசியம். உருகிய ஈயத்தின் அருகே நிற்பதைவிட இந்தத் தூளைக் கிளப்பிவிடுவதுதான் பல சமயம் அதிக ஆபத்து. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இடத்துக்கே வரக்கூடாது.

சரி, அளவு. எலிமென்ட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் இருக்க வேண்டிய அளவு கிடைத்துவிடும். உங்கள் உலைக்கு 230 × 230 ÷ 500, அதாவது சுமார் 106 ஓம். 100 முதல் 110 வரை எது காட்டினாலும் எலிமென்ட் நலம். 210 பக்கம் காட்டினால் இரண்டில் ஒன்று போய்விட்டது. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் அறுந்தேவிட்டது. ஆனால் உங்களுக்கு ஓரளவு சூடு வருகிறதே, அதனால் இதற்கு வாய்ப்பில்லை.

எலிமென்ட் நலம் என்று தெரிந்ததும் அந்தப் புதிய தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அதன் உடம்பிலோ குமிழின் அடியிலோ வெப்ப வரம்பு பொறித்திருக்கும். சமையல் ஓவன்களுக்கான தெர்மோஸ்டாட் பார்வைக்கு அப்படியே இருக்கும், திருகு துளைகளும் பல சமயம் ஒத்துப்போகும். அவற்றின் உச்சம் பெரும்பாலும் 300 அல்லது 320 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகுவது 327.5 டிகிரியில்! குமிழை எவ்வளவு திருகினாலும் அந்த ஏழெட்டு டிகிரியைத் தாண்ட முடியாது. தெர்மோஸ்டாட்டின் உணர்முனை எலிமென்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே 320 என்றால் ஈயத்தின் நடுவில் அதைவிடக் குறைவு. மாற்றிக் கொடுத்தவர் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். உங்களுக்குத் தேவை குறைந்தது 450 டிகிரி வரை போகும் தெர்மோஸ்டாட்.

அப்படியானால் கூழ் மட்டும் எப்படி வருகிறது? அதற்குக் காரணம் உங்கள் பழைய ஈயம். (ஈயம் என்று நான் சொல்வதெல்லாம் காரீயம், வெள்ளீயம் வேறு உலோகம்.) சக்கர எடை (வண்டிச் சக்கரம் சமநிலையில் சுழல விளிம்பில் மாட்டும் சிறு எடை) போன்ற கெட்டி ஈயத்தில் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கும். ஆன்டிமனி கலந்த ஈயம் ஒரே புள்ளியில் உருகாது. சுமார் 252 டிகிரியில் இளகத் தொடங்கி, கலவையைப் பொறுத்து 300 பக்கம் போனபிறகுதான் முழுக்க நீராகும். இடையில் இருப்பதெல்லாம் கூழ்தான். அதோடு மென்மையான சுத்த ஈயத் துண்டுகளும் சேர்ந்தால், 310 டிகிரியில் பாதி உருகியும் பாதி உருகாமலும் நிற்கும். நீங்கள் சொல்லும் காட்சி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

வரம்பு சரியாகவே இருந்தால் அடுத்த சந்தேகம், சூடு பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பது. எலிமென்ட் பாத்திரத்தைச் சுற்றிப் பட்டையாக இறுக்கப்பட்டிருக்கும். சூடாகிச் சூடாகி ஆறும்போது பட்டை தளரும்; மழைக்காலத்தில் பாத்திரத்தின் வெளிப்புறம் துருப்பிடித்துச் செதிலாகும். காகிதம் நுழையும் அளவு இடைவெளி விழுந்தாலே போதும், எலிமென்ட் கொதிக்கும், தெர்மோஸ்டாட் ஏமாந்து துண்டிக்கும், ஈயம் அப்படியே கிடக்கும். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பட்டையை இறுக்குங்கள். உணர்முனையும் பாத்திரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.

வயர் முனைகளையும் ஒரு பார்வை பாருங்கள். கறுத்துப்போன முனை, இளகிய திருகு, பொடியாக உதிரும் உறை, எது தென்பட்டாலும் மாற்றிவிடுங்கள். சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. கண்ணாடி இழை உறை போட்ட வயர்தான் இந்த இடத்துக்கு ஏற்றது. சிலிக்கோன் உறை என்றால் பாத்திரத்திலிருந்து தள்ளியே ஓட வேண்டும். முனைகளைச் சால்டர் வைக்காதீர்கள், அழுத்திப் பொருத்துங்கள். சாதாரண ஈய-வெள்ளீயச் சால்டர் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும்.

மின்னழுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வோல்ட் குறைந்தால் சூடு அதன் வர்க்கத்தில் குறையும். 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் 500 வாட் உலை 340 வாட் உலையாகிவிடும். ஆனால் அப்போது விளக்கு அணையாமல் எரியும் என்பதால், உங்கள் கதைக்கு இது பொருந்தவில்லை.

இப்போது அந்த ட்ரிப். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாய் வடிவ எலிமென்ட்டில் கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடு பொடி இருக்கும். அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தபோது முனைகள் வழியாக ஈரம் இறங்கியிருக்கிறது, மின்சாரம் அதன் வழியாக உலையின் உடம்புக்குக் கசிந்திருக்கிறது, ஆர்.சி.சி.பி. அதைக் கண்டுபிடித்துத் துண்டித்திருக்கிறது. அது தன் வேலையைத்தான் செய்தது. இந்தக் கட்டத்தில் எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உலை உலோகம், கரண்டி உலோகம், உள்ளே இருப்பதும் உலோகம்; பிடித்திருப்பது உங்கள் கை.

பிளக் கழற்றிய நிலையில், வெளியிலிருந்து சூடான காற்றடிக்கும் கருவியால் எலிமென்ட்டின் முனைகளையும் உடம்பையும் நிதானமாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். சமையல் ஓவனில் வைத்துக் காயவைக்கலாமே என்று தோன்றும். ஈயம் படிந்த எதுவும் சமையலறைக்குள் போகக்கூடாது. காய்ந்தபிறகு எலக்ட்ரீஷியனிடம் சொல்லி 500 வோல்ட் மெக்கரால் (மின்கசிவுத் தடுப்பை அளக்கும் கருவி) எலிமென்ட்டுக்கும் உடம்புக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மறுபடி காயவையுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால், அந்த எலிமென்ட்டை மாற்றத்தான் வேண்டும். ஓம் அளவு சரியாக இருந்தாலும் எலிமென்ட்டை மாற்ற வேண்டிய இடம் இது ஒன்றுதான். இன்னொன்று: சுவிட்சைப் போட்டவுடன் ட்ரிப் விழாமல், நன்றாகச் சூடானபிறகு விழுந்தால் ஈரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அடியில் ஊற்றும் வால்வு உள்ள உலையாக இருந்தால், சொட்டிய ஈயம் ஏதாவது முனைகளுக்கு நடுவே உறைந்து கிடக்கிறதா என்று தேடுங்கள்.

ஜிக் தலை அரைகுறையாக வருவதற்கு முதல் காரணம், ஈயம் போதிய சூடு பெறவில்லை என்பதே. உலை சரியானபிறகும் அது தொடர்ந்தால் அச்சைக் கவனியுங்கள். அலுமினிய அச்சு குளிர்ந்திருந்தால் ஈயம் முள்ளைச் சுற்றி ஓடி முடிப்பதற்குள் உறைந்துவிடும். முதல் ஐந்தாறு வார்ப்புகள் அச்சைச் சூடேற்றத்தான். அவற்றை அப்படியே உலைக்குத் திருப்பிப் போடுங்கள். சிறிய, மெல்லிய கழுத்துள்ள ஜிக்குகளுக்கு 400 டிகிரி பக்கம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போவதில் லாபம் இல்லை, கசடும் புகையும்தான் கூடும்.

400 டிகிரியிலும் ஈயம் கூழாகவே நின்றால் துத்தநாகம் கலந்துவிட்டது என்று பொருள். சக்கர எடைகளில் துத்தநாகத்தால் செய்தவையும் உண்டு; நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், அதனால் மற்றவை உருகியபிறகும் அது மேலே மிதக்கும். உடனே அள்ளி எடுத்துவிட்டால் பிழைத்தீர்கள். சூட்டைக் கூட்டி அதையும் உருக்கிவிட்டால் முழு உலையும் கெட்டுப்போகும். ஈயத்தைப் போடுவதற்கு முன்பே நகத்தால் கீறிப் பாருங்கள்: எளிதில் கீறல் விழுந்தால் மென்மையான ஈயம், ஜிக்குக்கு அதுதான் நல்லது. பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பழைய பேட்டரித் தட்டுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் உருக்காதீர்கள். அமிலமும் நச்சுப் பொருள்களும் அதில் ஏராளம்.

தெர்மோஸ்டாட்டே வேண்டாம், பி.ஐ.டி. கட்டுப்பாட்டுக் கருவி (சூட்டை அளந்து மின்சாரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி) வைக்கிறேன் என்றால், நல்ல முடிவு. அதன் வெப்ப உணரியான கே வகைத் தெர்மோகப்பிளை ஈயத்துக்குள் இருக்கும்படி வைக்கலாம், ஏமாற்றம் குறையும். இரண்டு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். தெர்மோகப்பிளின் இரண்டு வயர்களையும் மாற்றி இணைத்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும். கருவி இன்னும் இன்னும் சூடாக்கும். அந்தக் கருவி இயக்கும் மின்னணு சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மின்சாரம் பாயும் நிலையிலேயே கெடும், எலிமென்ட் நிற்காமல் எரியும். அதனால் தனியாக ஒரு வெப்பத் துண்டிப்பானும் வையுங்கள், உலை எரியும்போது அருகிலேயே இருங்கள். அளவு சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு: சுத்த ஈயத்தை உருக்கி, அணைத்துவிட்டு, எண் இறங்குவதைக் கவனியுங்கள். ஈயம் உறையும்போது எண் சிறிது நேரம் ஒரே இடத்தில் நிற்கும். அது 327 பக்கம் நின்றால் கருவி சரி.

எல்லாம் பூட்டியபிறகு முதல் ஓட்டத்துக்கு 2 கிலோ மட்டும் போடுங்கள், திறந்தவெளியில், உலையையும் ஈயத்தையும் நன்றாகக் காயவைத்துவிட்டு. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு நீர் போனாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். முகக்கவசமும் தோல் கையுறையும் இல்லாமல் அருகே போகாதீர்கள். 1 கிலோ ஈயத்தை அறை வெப்பத்திலிருந்து 400 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 75 கிலோஜூல் வேண்டும். 4 கிலோவுக்கு 300. 500 வாட்டில் கணக்குப்படி பத்து நிமிடம். பாத்திரமும் காற்றும் குடிக்கும் சூட்டையும் சேர்த்தால் உங்கள் பழைய 25 நிமிடம் வந்துவிடும். 2 கிலோ என்றால் கால் மணி நேரத்தை ஒட்டி முழுக்க உருக வேண்டும், அதுவரை விளக்கு அணையக்கூடாது. உருகியபிறகு விளக்கு அணைந்து எரிந்தால் தெர்மோஸ்டாட் ஒழுங்காகிவிட்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தும் ஈயம் உருகாவிட்டால் மட்டும் ஓம் அளவையும் வோல்ட்டையும் எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.