வில் வேட்டைக் காலத்தில் குறுக்குவில்லை அனுமதிப்பதில் அமெரிக்காவில் ஏன் இவ்வளவு சண்டை?

விஸ்கான்சினுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. முதல் இரண்டு வருடம் வேடிக்கை பார்த்தேன். அடுத்த ஒன்பது வருடம், இழுக்கும் பளுவைக் குறைக்க முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லோடு மான் வேட்டைக்குப் போனேன். கடைசி மூன்று வருடமாக என் கையில் இருப்பது குறுக்குவில், அதாவது துப்பாக்கி மாதிரிக் கட்டையில் குறுக்கே பூட்டி, விசையை அழுத்தி அம்பு விடும் வில். இங்கே எல்லோரும் கிராஸ்போ என்றுதான் சொல்வார்கள். ஆக, இந்தச் சண்டையில் இரண்டு கட்சியிலும் இருந்தவன் நான். இரண்டு பக்கமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேட்டையே சரியா என்ற கேள்விக்குள் போகவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையை மூட்டை கட்டிவைத்த நாட்டிலிருந்து வந்தவன்தான் நானும். அது வேறு பஞ்சாயத்து.

சண்டை புரிய வேண்டுமென்றால் முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். இங்கே முக்கியமான துப்பாக்கிப் பருவம் 9 நாள்தான், நவம்பர் கடைசியில். வில் பருவமோ செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை ஓடும். வில்காரனுக்கு ஏன் இத்தனை தாராளம்? அவன் கையில் மான் சிக்குவது அபூர்வம் என்பதால்தான். 1934-இல் கொலம்பியா, சாக் என்ற இரண்டே கவுண்டிகளில் சில நாள் மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் வில்லுக்கென்றே சட்டப்படி ஒதுக்கிய முதல் பருவம் அதுதான். பெரிய சேதம் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு நாட்களும் இடங்களும் கூடிக்கொண்டே போயின. கஷ்டத்துக்குக் கிடைத்த சலுகை அந்த நீண்ட பருவம். அந்தக் கஷ்டத்தைக் குறைக்கும் கருவி ஒன்று உள்ளே வந்தால் சலுகை மட்டும் அப்படியே இருக்கலாமா? எதிர்ப்பவர்களின் கேள்வியில் நியாயமான பகுதி இதுதான்.

குறுக்குவில் எந்தக் கஷ்டத்தைக் குறைக்கிறது என்பதில்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். “அது துப்பாக்கி மாதிரி, நூறு கஜத்தில் அடிக்கும்” என்பார்கள். என் அனுபவத்தில் அது வெட்டிப் பேச்சு. இன்றைய குறுக்குவில்லிலிருந்து அம்பு நொடிக்குச் சுமார் 400 அடி வேகத்தில் போகும், நல்ல காம்பவுண்ட் வில்லில் 300 அடி. ஒலி போவது 1,100 அடிக்கு மேல். முப்பது கஜத்தில் நிற்கும் மானின் காதுக்கு நாண் சத்தம் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரத்தில் போய்விடும். அம்பு போய்ச் சேரக் கால் நொடி ஆகும். மிச்சமிருக்கும் நேரத்தில் மான் உடம்பைத் தாழ்த்திப் பாயத் தயாராகிவிடும், அம்பு முதுகுக்கு மேலே பறக்கும். போதாக்குறைக்குக் குறுக்குவில் சத்தமும் அதிகம். அதனால் நாற்பது கஜத்துக்கு மேல் நான் விசையைத் தொடுவதில்லை. காம்பவுண்ட் வில் வைத்திருந்தபோது என் எல்லை முப்பது. பெரிய வித்தியாசம் இல்லை, இல்லையா?

நிஜமான வித்தியாசம் நாணை இழுப்பதில் இருக்கிறது. என் முதல் அக்டோபரில் பரண் மேல் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு கஜத்தில் ஒரு பெண்மான் வந்து நின்றது. எழுபது பவுண்டு பளுவுள்ள வில்லை இழுக்கக் கையை உயர்த்தியதுதான் தாமதம், தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தது. அப்புறம் அதன் வெள்ளை வால்தான் தெரிந்தது. காம்பவுண்ட் வில்லில் முழுக்க இழுத்துவிட்டால் பளு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், உண்மைதான். ஆனால் மான் பக்கவாட்டில் திரும்பும் வரை இழுத்தபடியே நிற்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் கை நடுங்கும். மூன்றாவது வருடம்தான் முதல் மான் கிடைத்தது.

குறுக்குவில்லில் நாணைத் தரையிலேயே இழுத்துப் பூட்டிவிட்டு, பரண் ஏறிய பிறகு அம்பை வைத்தால் போதும். மான் வந்தால் விரலை மட்டும் அசைக்க வேண்டும். வாங்கிய அன்று சாயங்காலமே முப்பது கஜத்தில் ஐந்து அம்பும் ஒரு டீத்தட்டு அகலத்துக்குள் விழுந்தன. கை கூசாமல் என் மனைவியும் ஒன்று விட்டுப் பார்த்தாள். தேங்காய் உடைக்கும் அரிவாளைத் தவிர வேறு ஆயுதம் தொடாதவள். நடுவில் பட்டது. ஒன்பது வருடம் மார்ச் மாதமே பயிற்சி ஆரம்பித்தவனுக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்!

சரி, எதிர்ப்பவர்களின் தூய்மைவாதத்தில் எனக்கு எரிச்சலும் உண்டு. வில் வேட்டையின் ஆதிகதையாக இங்கே சொல்வது இஷியை. யாஹி என்ற பழங்குடி மக்களில் எஞ்சிய கடைசி மனிதர். 1911-இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்தார். அவரிடம் வில்வித்தை கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். போப், அவருடைய வேட்டைத் தோழர் ஆர்தர் யங் இருவர் பெயரிலும் 1961-இல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப்தான் வில்லால் அடித்த பெரிய கொம்புகளுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. குறுக்குவில்லால் அடித்தால் அதில் இடம் கிடையாது. இருக்கட்டும். ஆனால் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லே 1969-இல்தான் ஹாலிஸ் வில்பர் ஆலன் என்ற மிசௌரிக்காரருக்குக் காப்புரிமையாகக் கிடைத்தது. அது வந்தபோதும் “இது வில்லே இல்லை” என்று இதே கூச்சல்தான். பளுவை 65 சதவீதத்துக்கு மேல் குறைக்கும் வில்லை அந்தக் கிளப்பே ஒரு காலத்தில் ஏற்க மறுத்து, பிறகு தளர்த்திக்கொண்டது. இன்று ஒளிரும் குறிமுனை, லேசர் தூரமானி, விசை வைத்த நாண்பிடி எல்லாம் மாட்டிக்கொண்டு பரண் ஏறுபவர், “இஷி வழி” என்று எனக்குப் பாடம் எடுப்பார். சிரிக்காமல் கேட்க வேண்டும்.

நான் ஏன் மாறினேன்? தோள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாற்பது பவுண்டு இழுத்தாலே இரவெல்லாம் வலி. முன்பெல்லாம் இங்கே 65 வயது தாண்டியவர்களுக்கும், உடல் குறைபாட்டுக்காக அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டும்தான் குறுக்குவில். 2014-இலிருந்து யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கலாம். உள்ளூர்வாசிக்கு 24 டாலர். வில் உரிமம் ஏற்கெனவே இருந்தால் மேலே 3 டாலர், அவ்வளவுதான். ஒஹையோ இதை எழுபது எண்பதுகளிலேயே செய்துவிட்டது. பென்சில்வேனியா 2009-இல் திறந்துவிட்டது. ஒஹையோவில் மான் இனம் அழிந்துவிடவில்லை.

மாநிலங்கள் இறங்கி வந்ததற்குக் காசும் ஒரு காரணம். வேட்டைக்காரர்களுக்கு வயதாகிறது, உரிமம் வாங்குபவர்கள் குறைகிறார்கள். உரிமக் கட்டணமும், 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைக் கருவிகள் மீது விழும் வரியும்தான் வனவிலங்குத் துறைகளின் பிழைப்பு. தோள் போன என் மாதிரி ஆளைக் காட்டில் வைத்திருக்க அவர்களுக்குக் குறுக்குவில் வசதி.

விளைவு? சில வருடங்களிலேயே விஸ்கான்சினில் குறுக்குவில்லால் விழும் மான்கள், வில்லால் விழுபவற்றைத் தாண்டிவிட்டன. இங்கேதான் துப்பாக்கிக்காரர்களும் சண்டைக்குள் வருகிறார்கள். நவம்பர் முதல் பாதி மான்கள் இணைசேரும் காலம். பெரிய ஆண்மான்கள் புத்தி கெட்டுப் பட்டப்பகலில் அலையும். துப்பாக்கிப் பருவம் தொடங்குவதற்குள் அவற்றைக் குறுக்குவில்காரர்கள் எடுத்துவிடுகிறார்கள், எங்களுக்கு மிச்சம் என்ன என்கிறார்கள் அவர்கள். புகாரில் உண்மை இருக்கிறது. நானே அப்படி ஒன்றை எடுத்தவன்தானே.

மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. தெற்கே சோளக்காட்டுப் பகுதியில் மான் அளவுக்கு மீறி இருக்கிறது. 2002-இல் சிடபிள்யுடி என்ற மூளை நோய் விஸ்கான்சின் மான்களிடம் முதலில் தெரிந்ததும் அந்தப் பக்கம்தான். அங்கே யார் எதனால் அடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வடக்குக் காடு வேறு. கடுங்குளிர், ஓநாய், மான் குறைவு. அங்கே நவம்பர் முதல் இரண்டு வாரம் குறுக்குவில்லை நிறுத்திவைத்தால் நான் முணுமுணுக்க மாட்டேன். தோள் போனவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பழைய சலுகை தொடரட்டும். இதை ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். முன் வரிசை, பின் வரிசை இரண்டும் முறைத்தன.

எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்த, கூட வேலை பார்த்த பெரியவருக்கு இப்போது எழுபத்தொன்று. இன்னும் சக்கரமில்லாத, முனை வளைந்த நாற்பத்தைந்து பவுண்டு ரிகர்வ் வில்தான். நான்கு வருடமாக அவருக்கு மான் இல்லை. என் குறுக்குவில்லைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். என் மானில் ஒரு தொடைக்கறி மட்டும் வருடா வருடம் வாங்கிக்கொள்வார், மிளகு போட்டு வறுத்தே கொடுக்கச் சொல்லி.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எது வாங்கலாம் என்று கேட்பீர்கள். தோள் நன்றாக இருந்தால் பழைய காம்பவுண்ட் வில் ஒன்று வாங்கி மார்ச்சிலேயே பழகுங்கள். குறுக்குவில்தான் என்றால், விசையை அழுத்தும்போது முன்கைக் கட்டைவிரல் நாண் ஓடும் தடத்துக்குக் கீழேயே இருக்கட்டும். எனக்கு ஐந்து தையல்.