ஆன்டிபாடி இல்லாத சிப்பி எப்படித் தப்பிக்கிறது?

கேள்வி: சிப்பிகளின் உடலில் ஆன்டிபாடி உருவாவதில்லை என்று படித்தேன். அப்படியானால் பாக்டீரியா தொற்றும்போது அவற்றின் மரபணுக்கள் என்ன செய்கின்றன? தொற்றுக்குப் பிறகு ஒரு பாதுகாப்பு மரபணுவின் செயல்பாடு குறைந்ததாக ஓர் ஆய்வுச் செய்தி கூறியது குழப்பமாக இருக்கிறது.

பதில்: ஆன்டிபாடி இல்லைதான், ஆனால் பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றல் சிப்பிக்கு ஏராளம். கடல்நீரை வடிகட்டி உண்ணும் அதன் செவுள்கள் ஓயாமல் நுண்ணுயிர்களை எதிர்கொள்வதால், அவற்றை அடையாளம் காணும் மரபணுக்கள் அதனிடம் பெருகிக் கிடக்கின்றன. இப்படி நுண்ணுயிர்களை இனங்காணும் புரதங்களான டோல் வகை உணர்விகள் மனிதருக்கு 10 இருக்க, பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதியில் அவற்றுக்கான மரபணுக்கள் 80-க்கும் மேல்.

பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகளை இந்த உணர்விகள் இனங்கண்டதும், செய்தி இரத்த அணுக்களின் உட்கருவரை கடத்தப்படுகிறது. சில மணி நேரத்திலேயே இன்டர்லூக்கின்-17 போன்ற சமிக்ஞைப் புரதங்களின் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. இரத்த அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன. டிஃபென்சின் என்னும் சிறு பெப்டைடு (குட்டிப் புரதம்) பாக்டீரியா சுவர் கட்டப்படுவதையே தடுத்துவிடுகிறது.

உங்கள் குழப்பத்துக்கு வருவோம். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சிப்பியின் இரு ஓடுகளையும் இழுத்து மூடும் தசையில் ஊசி செருகி இரத்தத்தை உறிஞ்சி, அதிலுள்ள அணுக்களில், மரபணுவின் செயல்பாட்டைக் காட்டும் ஆர்.என்.ஏ. அளவைக் கணக்கிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, டிஃபென்சினைத் தாங்கிய அணுக்கள் தொற்று நேர்ந்த திசுவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டால், இரத்தத்தில் அதன் ஆர்.என்.ஏ. அளவு குறைந்ததாகவே கருவி காட்டும். அந்த மரபணு ஓய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. செவுளையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு சொல்வது அவசரம் என்பேன். இன்னொன்று, ஊசி குத்திய காயமே சில மரபணுக்களைத் தூண்டிவிடும். ஆகவே கிருமியற்ற உப்புநீர் செலுத்திய சிப்பிகளோடு ஒப்பிடாத முடிவுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கேள்வி: இத்தனை ஆயுதங்கள் இருந்தும் சிப்பிகள் கூட்டமாக மடிவது ஏன்?

பதில்: கிருமிகளும் சளைத்தவை அல்ல. வைப்ரியோ இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா, தன்னை விழுங்கும் இரத்த அணுவுக்குள்ளேயே பிழைத்திருந்து அதைச் சிதைக்கிறது. 2008 முதல் பிரான்சின் வளர்ப்புப் பண்ணைகளில் இளம் பசிபிக் சிப்பிகள் பெருமளவில் மடிந்ததற்கோ பாக்டீரியா மட்டுமே காரணமன்று. ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று முதலில் இரத்த அணுக்களைத் தாக்கி, டிஃபென்சின் போன்ற பெப்டைடுகளை உருவாக்கும் மரபணுக்களின் செயல்பாட்டைத் தாழ்த்திவிடுகிறது. அதன் பிறகே, வழக்கமாகச் சிப்பியின் உடலோடு ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள்கூடத் தடையின்றிப் பெருகி அதைக் கொல்கின்றன என்று 2018-இல் வெளியான ஆய்வு விளக்கியது. மடிந்த சிப்பியில் பாக்டீரியா ஏராளமாகக் கிடைப்பதை மட்டும் வைத்து, தொற்றைத் தொடங்கியது எது என்று கூறிவிட முடியாது.