பழைய ஸ்ட்ராட்டுக்குப் புதுப் பூச்சு, புதுப் பாடிக்குப் பழைய முகம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து 1963-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். "ரீஃபினிஷ் (மறுபூச்சு) செய்தது, அதனால்தான் பாதி விலை" என்கிறார் விற்பவர். அந்தப் பூச்சை உரித்துவிட்டு, அந்தக் காலத்து நைட்ரோ (நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர்) பூச்சே போட்டுக் கொஞ்சம் பழசாக்கினால் விலை ஏறுமா?

பதில்: ஏறாது. அசல் பூச்சு போன கிட்டார் பாதி விலைக்குப் போவது சந்தையில் நெடுநாள் வழக்கம். அதன்மேல் எவ்வளவு கச்சிதமாகப் பூசினாலும் அது இரண்டாவது ரீஃபினிஷ்தான். வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பாதி விலை நல்ல பேரம். மரம், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), கழுத்து எல்லாம் 1963-இன் சரக்காக இருக்கும். ஆனால் அவை உண்மையிலேயே 1963-ஐச் சேர்ந்தவையா என்று பார்த்தாக வேண்டும்.

பிக்கார்டை (பாடியின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகட்டை) கழற்றிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். 1964-இன் பிற்பகுதி வரை ஃபெண்டரில் பாடியின் முகப்பில் சிறு ஆணிகளை அடித்து, அவற்றையே கால்களாக வைத்துப் பூச்சடித்து உலர்த்தினார்கள். பூச்சுக்குப் பிறகுதான் ஆணியைப் பிடுங்குவார்கள். ஆகவே அசல் பூச்சில் அந்தத் துளைகளுக்குள் வெறும் மரம் தெரியும். உள்ளே பெயிண்ட் இறங்கியிருந்தாலோ, துளையே அடைபட்டிருந்தாலோ மறுபூச்சு. கழுத்து பொருந்தும் குழியையும் பாருங்கள். 1963 வாக்கிலிருந்து அந்தக் குழியில் ஒரு கைப்பிடியைத் திருகி, அதைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ரே செய்தார்கள். அது இருந்த இடம் பூச்சுப் படாத பட்டையாகத் தெரியும். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பாட்களின் முதுகில் உள்ள எண்ணையும் கேளுங்கள். 304 6318 என்றிருந்தால் ஸ்டாக்போல் நிறுவனம் 1963-இன் 18-வது வாரத்தில் செய்தது என்று பொருள். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனம் செய்தது. பாட்டின் தேதி கிட்டாரின் தேதிக்கு முந்தியிருக்கலாம், பிந்தியிருக்கக் கூடாது.

பாடியின் விளிம்புகள், கை படும் சரிவு, தொப்பைக்கான குழிவு ஆகியவற்றின் வடிவத்தையும் கவனியுங்கள். உரித்தவர் எலக்ட்ரிக் சாண்டரைப் போட்டுத் தேய்த்திருந்தால் விளிம்பு உருண்டு, பிக்கார்டு ஓரத்துக்கும் பாடி ஓரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரே சீராக இல்லாமல் தெரியும். போன மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. அப்படியிருந்தால் பாதி விலையும் அதிகம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: பழைய பூச்சை உரித்துவிட்டுப் பூசினார்களா, அதன்மேலேயே பூசினார்களா? மேலேயே பூசியிருந்தால் கண்டவர்களைத் தொடவிடாதீர்கள். மேல் அடுக்கை மட்டும் பொறுமையாக நீக்கி அசலை வெளிக்கொண்டுவரும் கைகாரர்கள் இருக்கிறார்கள். விலை ஏற வாய்ப்புள்ள ஒரே வழி அதுதான்.

கடைசியாக, சுங்கம். 60-களின் நடுப்பகுதி வரை ஃபெண்டரின் கரிய விரல்பலகைகள் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அது 1992 முதல் சைடிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மரம். செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் தந்த விலக்கு இதற்குப் பொருந்தாது. ஏற்றுமதி செய்யும் நாட்டிலிருந்து சைடிஸ் சான்றிதழ் இல்லாமல் முன்பணம்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: என்னிடம் மெக்ஸிகோவில் செய்த ஸ்ட்ராட் இருக்கிறது. மேலே கண்ணாடி மாதிரி தடித்த பூச்சு. பெயிண்ட் ரிமூவர் இரண்டு டப்பா காலி, ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: நடக்காது. அது பாலியெஸ்டர். இரசாயன மாற்றத்தால் இறுகிய பூச்சு என்பதால் கரைப்பான் எதுவும் அதைக் கரைக்காது. ஹீட் கன்தான் வழி. ஒரு மூலையில் சூடேற்றி, பூச்சு இளகிக் குமிழ் விட்டதும் முனை மழுங்கிய பட்டித் தகட்டை அடியில் செருகித் தூக்கினால் துண்டு துண்டாக வரும். கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் கருகும். அடியில் ஒளி ஊடுருவும் சீலர் (அடிப்பூச்சு) அடுக்கு தென்பட்டால் அதை விட்டுவிடுங்கள். அதன்மேலேயே நைட்ரோ அடிக்கலாம், மரத்துளை அடைக்கும் வேலை மிச்சம். ஒரு எச்சரிக்கை: சில ஆண்டுகளின் மெக்ஸிகோ ஸ்ட்ராட்களில் பல துண்டு மரத்தை ஒட்டி, முன்னும் பின்னும் மெல்லிய வெனீர் (மரத்தாள்) போர்த்தியிருப்பார்கள். சூட்டில் வெனீரும் சேர்ந்து கிளம்பும். பிக்கப் குழியின் விளிம்பில் அந்த அடுக்கு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் அந்த பாடியை அப்படியே விட்டுவிட்டு, பூச்சில்லாத ஆல்டர் மர பாடி தனியாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: பூச்சில்லாத ஆல்டர் பாடி வாங்கிவிட்டேன். 60-களின் வெளிர் மஞ்சளான ஒலிம்பிக் ஒயிட் வேண்டும், தேய்ந்த தோற்றத்துடன். என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: 400 மி.லி. ஸ்ப்ரே டப்பா என்றால் சீலர் 1, வெள்ளை 2, கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) 2. டப்பாக்கள் விமானத்தில் வராது என்பதால் நம் ஊரில் கம்ப்ரஸர், ஸ்ப்ரே கன் வைத்து அடிப்பதே எளிது. மரச்சாமான் கடைகளில் கிடைக்கும் என்.சி. சாண்டிங் சீலர், என்.சி. கிளியர் லாக்கர் இரண்டும் நைட்ரோ செல்லுலோஸ்தான். கிளியர் அரை லிட்டர், சீலர் கால் லிட்டர், தின்னர் இரண்டு லிட்டர் வாங்குங்கள். ஒரு லிட்டர் கலக்க, மற்றது கன் கழுவ. மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) என்று எழுதியிருப்பதைக் கடைக்காரர் "இது இன்னும் நல்லது சார்" என்று கையில் திணிப்பார். வாங்காதீர்கள், அவை இந்த வழியில் பழசாகாது.

பாடியை 180, 220, 320 என்று நார்த்திசையிலேயே தேயுங்கள். ஆல்டருக்கு மரத்துளை அடைக்கும் பட்டி தேவையில்லை. ஆஷ், மஹோகனி என்றால் தேவை. சீலர் இரண்டு கோட், உலர்ந்ததும் 320 உப்புத்தாள். பிறகு வெள்ளை மூன்று, நான்கு மெல்லிய கோட். அதன்மேல் கிளியர். லாக்கரும் தின்னரும் சமபங்கு, கோட்டுக்குக் கோட்டு ஒன்றரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம். பளபளப்பான கிட்டாருக்கு எட்டு, பத்து கோட் கிளியர் போடுவார்கள். பழசாக்கப் போகிறீர்கள் என்றால் ஐந்து போதும். தடித்த நைட்ரோ பிளாஸ்டிக் போலத் தெரியும்.

மஞ்சள் எங்கே சேர வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெள்ளையில் மஞ்சளைக் கலந்தால் கிடைப்பது ஐஸ்கிரீம் நிறம். பழைய கிட்டார்களில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, மஞ்சளித்தது மேலே உள்ள கிளியர். ஃபெண்டரின் நீல நிறமான லேக் பிளாசிட் புளூ காலப்போக்கில் பச்சையாகத் தெரிவதும் இதனால்தான். எனவே ஆம்பர் (தேன் மஞ்சள்) நிற டை, அதாவது சாயம், சில சொட்டுகளை முதல் இரண்டு கிளியர் கோட்டில் மட்டும் கலந்து, வேண்டாத மரத்துண்டில் அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பிக்கார்டு மூடும் இடத்தில் இந்த ஆம்பர் குறைவாக இருக்கட்டும். வெளிச்சம் படாத இடம் அவ்வளவு மஞ்சளித்திருக்காது.

பிறகு நான்கு வாரம் தொங்கவிடுங்கள். மூக்கை வைத்தால் தின்னர் வாசம் வரும்வரை அது காயவில்லை. காயாத பூச்சைத் தேய்த்தால் பின்னால் சுருங்கி, மரத்தின் நார்க்கோடுகள் மேலே எழும்பும். காய்ந்ததும் 1000, 1500, 2000 எண் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட். திருகுத் துளைகளுக்குள் தண்ணீர் போனால் மரம் உப்பி, சுற்றியுள்ள பூச்சு வெடிக்கும். துளைகளில் மெழுகு அடைத்துக்கொள்ளுங்கள்.

தேய்மானம் எங்கே வரும் என்பதை வாசிப்பவரின் உடம்புதான் சொல்லும். வலது முன்கை உரசும் மேல் விளிம்பு, பின்பக்கம் பெல்ட் பக்கிள் படும் இடம், கீழ் விளிம்பின் முனைகள். அந்த இடத்தில் 320, பிறகு 600, பிறகு ஸ்காட்ச்பிரைட். கிளியர் முதலில் போக வேண்டும், அடுத்து வெள்ளை, அடுத்து சீலர், நடுவில் மட்டும் மரம். ஒவ்வொரு அடுக்கும் மெல்லிய கரையாகத் தெரிந்தால்தான் கண் நம்பும். ஒரே இழுப்பில் மரம் வரை போனால் வெட்டியது போல் இருக்கும். வெளிப்பட்ட மரம் புதுசாக வெளுத்து நிற்கும். நீர்த்த பழுப்பு டையைத் துணியில் தொட்டுத் தடவி, சாம்பல் கலந்த பழுப்பாக்குங்கள். எவ்வளவு தேய்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தால், நினைத்ததில் பாதியில் நிறுத்துங்கள். மீதியை நீங்கள் வாசித்தே தேய்க்கலாம்.

என்.சி. தீப்பற்றினால் நொடியில் எரியும். அடுப்பு, ஸ்விட்ச் பொறி எதுவும் பக்கத்தில் கூடாது. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும்.

கேள்வி: சென்னையில் நவம்பரில் கிளியர் அடித்தேன். பத்து நிமிடத்தில் பால் படர்ந்தது போல வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் உரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து சிக்கிக்கொள்கிறது. வெயிலடிக்கும் வறண்ட நாளில் ரிடார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் பூச்சு மறுபடி இளகி ஈரம் வெளியேறும். நைட்ரோ தன் கரைப்பானில் எப்போதும் இளகும் என்பதால்தான் இது முடிகிறது. இனி அடிக்கும்போது தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிடார்டர் சேருங்கள். மழைக்காலத்தில் காலை பதினோரு மணிக்கு முன் கன்னைத் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய கிட்டார்களில் வரும் மெல்லிய விரிசல் கோடுகளை எப்படி வரவைப்பது? பிளேடால் கீறலாம் என்கிறார்களே?

பதில்: குளிரில் பூச்சு சுருங்கும் அளவும் மரம் சுருங்கும் அளவும் வேறு. நார்த்திசையில் மரம் அதிகம் சுருங்காது, பூச்சு சுருங்கும். அதனால் கோடுகள் பெரும்பாலும் நாருக்குக் குறுக்கே ஓடும். பிளேடால் கீறும் முறையை, இன்னொரு கிட்டார் கம்பெனியான கிப்ஸன் பக்கம், பழசாக்கும் கலைஞர் டாம் மர்ஃபி புகழ்பெறச் செய்தார். கை பழகாதவர் கீறினால் கட்டம் போட்ட நோட்டுத்தாள் போலிருக்கும்.

ஃப்ரீஸர் முறை எளிது. ஸ்ட்ராட் பாடி சுமார் 40 செ.மீ. நீளம், 32 செ.மீ. அகலம். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அறையில் நுழையாது, ஐஸ்கிரீம் கடைகளில் உள்ள படுக்கை ஃப்ரீஸர் வேண்டும். பாடியை பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஒரு மணி நேரம் வையுங்கள். பை இல்லாவிட்டால் வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றுக்கு மரமெல்லாம் வியர்க்கும். எடுத்துப் பையோடு துடைத்து, பிறகு ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். இரண்டு, மூன்று சுற்று போகலாம். ஒன்றுமே வரவில்லையா? பூச்சு இன்னும் காயவில்லை, அல்லது லாக்கரில் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிசைஸர் அதிகம். மரச்சாமான் லாக்கர்கள் பலவற்றில் அது உண்டு. உங்கள் லாக்கர் எப்படி என்று மரத்துண்டில் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

தூசி ஊதும் கேன் டப்பாவைக் கவிழ்த்து அடித்துப் பூச்சைக் குளிரவைப்பதும் ஒரு முறை. அதில் உள்ள வாயு பெரும்பாலும் எரியக்கூடியது, ஹீட் கன்னோடு சேர்த்து ஒருபோதும் வேண்டாம். கோடுகளுக்குள் கருப்பு ஷூ பாலிஷைத் தேய்த்து, நாப்தா நனைத்த துணியால் மேலே துடைத்தெடுங்கள். தின்னர் தொட்டால் பூச்சே கரையும்.

கேள்வி: பிரிட்ஜ், திருகுகள் எல்லாம் புதுசாக மின்னுகின்றன. பாத்ரூம் ஆசிட் போதுமா?

பதில்: போதும், ஆனால் முக்கிவிடாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சிறு கிண்ணத்தில் 25 மி.லி. ஆசிட், மேலே வலையில் உதிரிகள், மொட்டைமாடியில். ஆவியே வேலை செய்யும். நிக்கல் பூச்சு ஒன்றிரண்டு மணி நேரத்தில் மங்கும். குரோம் பிடிவாதம் பிடிக்கும், அதனால் வாங்கும்போதே நிக்கல் கேளுங்கள். அரை மணிக்கொருமுறை பாருங்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். பிரிட்ஜில் தந்தி அமரும் சாடில்களின் குட்டித் திருகுகளைத் தனியே கழற்றி வையுங்கள். மரை துருப்பிடித்தால் தந்தி உயரத்தை மாற்றவே முடியாது. பாட், ஸ்விட்ச், ஜாக், பிக்கப் எதுவும் அந்த டப்பா பக்கமே வரக் கூடாது. அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் கம்பெனியே பழசாக்கி விற்பதை வாங்கலாமா?

பதில்: காசு இருந்தால் வாங்கலாம். ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 1995-இல் வின்ஸ் குனெட்டோவின் கைவேலையோடு ரெலிக் என்ற பழசாக்கிய கிட்டார் வரிசையைத் தொடங்கியது. கிப்ஸனின் பழசாக்கும் பிரிவான மர்ஃபி லேப் 2021-இல் வந்தது. இவற்றுக்கு மறுவிற்பனை விலை உண்டு, வீட்டில் பழசாக்கியதற்குக் கிடையாது. தேய்மானம் கூடக்கூட விலையும் கூடும், கிட்டார் அதே கிட்டார்தான். கேட்டால் லேசான தேய்மானம் உள்ளதையே வாங்கச் சொல்வோம்.

நீங்களே செய்து பிற்பாடு விற்றால், கழுத்துக் குழிக்குள் பூசிய ஆண்டையும் பழசாக்கியது என்பதையும் அழியாத மையில் எழுதிவிட்டு விற்றுவிடுங்கள். எதை வாங்கினாலும் ஸ்டாண்டின் ரப்பரில் பருத்தித் துணி சுற்றுங்கள். ரப்பரிலும் வினைலிலும் உள்ள பிளாஸ்டிசைஸர் நைட்ரோவை இளக்கி, ஒரே இரவில்கூட தடம் பதித்துவிடும்.