ஒப்புக்கொடுப்பதும் கணக்குப் பார்ப்பதும்

அன்புள்ள ஐயா,

கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் என்னை முழுவதுமாக ஒப்புக்கொடுத்தேன். தனக்கு உண்டானதையெல்லாம் விட்டுவிடாதவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று இயேசு சொல்லும் லூக்கா 14:33 மனதை விட்டுப் போகவில்லை. இறந்துபோன அப்பா பெயரில் 60 சென்ட் ரப்பர் இருக்கிறது. அதை விற்று ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டு, வேலையையும் விடலாமா? கணக்குப் பார்க்கிறவன் சீஷன் இல்லை என்கிறார் எங்கள் ஊழியர். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். அக்காவுக்கு அப்போதே சீதனம் கொடுத்தாயிற்று. தோட்டத்து வேலைக்காரர்களுக்கு ஒன்றரை லட்சம் மூன்று வட்டிக்கு விட்டிருக்கிறேன், சாப்பாட்டுக்கு அது போதும்.
வாசகர், பாறசாலை

அன்புள்ள சகோதரருக்கு,

33ஆம் வசனத்துக்குச் சற்று மேலேதான், கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். அடுத்து ஒரு ராஜா, பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு இருபதாயிரத்தை எதிர்க்க முடியுமா என்று ஆலோசிக்கிறார். கணக்கைப் பார்க்கச் சொன்னவர் இயேசு. உங்கள் ஊழியர் இந்த இடத்தை எப்படித் தாண்டிப்போனார் என்று தெரியவில்லை.

முதலில் நிலம். அப்பா உயில் எழுதவில்லை, பிள்ளைகள் நீங்கள் இருவர்தான் என்றால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி உங்களுக்கும் அக்காவுக்கும் சமம். ஆளுக்கு 20 சென்ட். சீதனம் கொடுத்ததால் அக்காவின் பங்கு குறையாது. உங்கள் பாறசாலை இருந்த பழைய திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 1986ல் உச்ச நீதிமன்றத்தில் மேரி ராய் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆக, ஒப்புக்கொடுக்க உங்களிடம் இருப்பது 20 சென்ட். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7ல் பாருங்கள்.

அந்த 20 சென்டைக் கொடுப்பதானாலும், இஷ்டதானம் என்கிற தானப்பத்திரம் பதிவாகிவிட்டால் மனம் மாறித் திரும்பக் கேட்க முடியாது. யார் பெயருக்கு எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். ஊழியரின் சொந்தப் பெயருக்கு எழுதினால், நாளைக்கு அது அவர் பிள்ளைகளுக்குப் போகும். அவசரமும் வேண்டாம். விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று, நிலத்தை விற்று விலையில் ஒரு பங்கை ஒளித்துவைத்த அனனியாவிடம் பேதுரு கேட்கிறார். அவன் விழுந்து செத்தது பொய் சொன்னதற்காக.

வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலையை விட்ட சீமோன் பேதுருவின் வீடு அப்படியேதான் இருந்தது, பிற்பாடு மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் ஊழியத்துக்குப் போனார். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வட்டிதான் என்னை உறுத்துகிறது. மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3, வருடத்துக்கு 36. பத்தாயிரம் வாங்கிய பால்வெட்டுக்காரர் மூன்று வருடத்தில் 10,800 கட்டியிருப்பார், முதல் அப்படியே நிற்கும். கேரளத்தில் லைசென்ஸ் இல்லாமல் வட்டித்தொழில் செய்வது குற்றமும்கூட. அதை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு முழுநேர ஊழியம் என்றால், உங்கள் ஊழியத்தைத் தாங்கப்போவது அந்த வேலைக்காரர்கள். வரி வசூலித்த சகேயு ஊழியத்துக்கு என்று எதையும் எழுதிவைக்கவில்லை. பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் உரியவருக்கும் கொடுத்தான்.

வட்டி நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இதுவரை கட்டிய வட்டியைக் கூட்டுங்கள். முதலுக்கு மேல் கட்டியவரின் புரோநோட்டைத் திருப்பிக் கொடுத்து, கூடுதலாக வாங்கியதையும் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களிடம் இதுவரை வாங்கிய வட்டியை முதல் தொகையிலிருந்து கழித்து, மீதியை மட்டும் வட்டியில்லாமல் தவணையாக வாங்குங்கள். ஈடாக ரேஷன் கார்டோ பாஸ்புக்கோ வாங்கி வைத்திருந்தால் அன்றே அவர்கள் கைக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். மாதம் 4,500 ரூபாய் நின்றுபோகும். அது இல்லாமல் ஆறு மாதம் வீடு எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகு, அம்மாவையும் அக்காவையும் உட்காரவைத்து நிலத்தைப் பற்றிப் பேசுங்கள்.